ஆலையின் காவலர்

மட்டக்களப்பு வாவியிலே மீன் பாடும் என்பது நாடறிந்த செய்தி. முழுநிலாக் காலத்தில், காற்று அடங்கி நீர் அசைவற்றிருக்கும் இரவு வேளையில், கல்லடிப் பாலத்தின் அருகே தோணியை நிறுத்துவார்கள். துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி, மறு நுனியைக் காதோடு பொருத்துவார்கள். வெறுஞ்செவிக்கு எட்டாத நுண்ணிய ஒலி, மரத்தின் வழியே ஏறி வந்து செவியை நிறைக்கும். அது மீனின் குரலோ, சிப்பியின் ஒலியோ என்ற ஆராய்ச்சி ஒருபுறம் இருக்கட்டும். கேட்கும் முறையே இங்குக் கருதத்தக்கது.

அதே முறையிற் கேட்கும் மனிதர் இன்னொருவரும் உண்டு. அவர் கேட்பது இயந்திரத்தின் ஒலி. இரைச்சல் மிகுந்த ஆலையினுள்ளே, சுழன்றுகொண்டிருக்கும் உருளையின் தாங்கிமீது இரும்புக் கோலொன்றின் நுனியை வைத்து, மறு நுனியைக் காதோரத்திற் பொருத்தி அவர் உற்றுக் கேட்பார். சீரான முழக்கம் கேட்டால் அடுத்த தாங்கிக்குச் செல்வார். முழக்கத்தின் நடுவே ஒரு கரகரப்போ, ஒரு தட்டலோ கேட்டால் அவர் முகம் மாறும். ஏனையோர் செவிக்கு எல்லாம் ஒரே இரைச்சல். அவர் செவிக்கோ வரப்போகும் கேட்டின் முன்னறிவிப்பு. அவரே பராமரிப்புப் பொறியியலாளர்.

தொழிற்சாலை என்றதும் அதனை அமைத்தவரையும், அதிற் பொருள் செய்வோரையுமே உலகம் நினைக்கிறது. அமைத்தவர் பெயர் கல்லிற் பொறிக்கப்படும். உற்பத்தி முகாமையாளரின் திறமை ஆண்டறிக்கையில் எண்களாக விளங்கும். பராமரிப்புப் பொறியியலாளர் தம் கடமையைச் செவ்வனே செய்தால் ஆலையில் ஒன்றும் நிகழாது. ஒன்றும் நிகழாமையே அவருடைய வெற்றி. நிகழாத விபத்துக்கும், முறியாத அச்சுக்கும், வெடிக்காத கொதிகலனுக்கும் யார் மாலை சூட்டுவர்? ஏதேனும் ஒன்று பழுதுற்றால் மட்டும், “பொறியியலாளர் எங்கே?” என்று எல்லோரும் தேடுவர். இவ்வாறு புகழுக்கு இடமில்லாத, பழிக்கு மட்டும் வாயிலுள்ள ஒரு தொழில் அது. ஆயினும் பெருந்தொழில் அனைத்தும் அதன்மீதே நிற்கின்றன.

இவ்வுண்மையை அறிய விரும்புவோர் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் சென்றால் போதும். ஏறாவூர், செங்கலடி, கிரான் ஆகிய ஊர்களைக் கடந்ததும், மற்றொரு வாவியின் கரையில் வாழைச்சேனை வரும். சுதந்திரத்தின் பின் இலங்கையில் எழுந்த முதற் பெருங்கைத்தொழில்களுள் ஒன்று இங்கேதான் உருவாயிற்று. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் கடதாசி ஆலை ஆகிய மூன்றும், அக்காலத்திற் கைத்தொழில் அமைச்சராக விளங்கிய ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவன. வாழைச்சேனை ஆலை 1956இல் இயங்கத் தொடங்கிற்று.

அதன் அடிப்படை எண்ணம் எளிமையும் அழகும் வாய்ந்தது. மட்டக்களப்பு நெல் விளையும் நாடு. அறுவடை முடிந்து, களவெட்டியிற் சூடு மிதித்து, நெல் வீடு சேர்ந்த பின் எஞ்சுவது வைக்கோல். மாட்டுக்கு இட்டது போக மிகுந்ததை வயலிலேயே எரிப்பது வழக்கம். எரிந்து போகும் அவ்வைக்கோலைக் கடதாசியாக மாற்றினால், உழவனுக்கும் ஒரு வருவாய்; நாட்டுக்கும் அந்நியச் செலாவணி மிச்சம்; மாணவன் கையிலே ஓர் எழுதுதாள். பரந்தனில் உண்டாகும் எரிசோடாவும் குளோரினும் கடதாசித் தொழிலுக்கு இன்றியமையாதவை. இவ்வாறு ஓர் ஆலை மற்றோர் ஆலைக்குத் துணையாகவும், இரண்டும் வயலுக்குத் துணையாகவும் அமையும் என்பதே அன்றைய கனவு.

வைக்கோல் கடதாசியாகும் வழியைச் சிறிது காண்போம். முதலில் வைக்கோலைத் துண்டுகளாக வெட்டித் தூசியைப் போக்குவர். பின்னர் அதனைப் பாரிய இரும்புக் கலன்களில் இட்டு, எரிசோடாக் கரைசல் சேர்த்து, நீராவியின் அழுத்தத்தில் அவிப்பர். நார்களை ஒட்டி வைத்திருக்கும் பசைப்பொருள் கரைந்து கருநீராகப் பிரியும். நார் கூழாக மிஞ்சும். கூழைக் கழுவி, வெளுத்து, நூற்றுக்கு 99 பங்கு நீராகும் வரையில் ஐதாக்கி, விரைந்தோடும் நுண்ணிய வலைமீது பரப்புவர். நீர் கீழே வடிய, நார்கள் ஒன்றோடொன்று பின்னி ஈரத்தாளாகும். அத்தாள் அழுத்தும் உருளைகளிடையே பிழியப்பட்டு, உள்ளே நீராவி நிறைந்த இரும்பு உருளைகளின் மேலாக வளைந்து வளைந்து ஓடி உலர்ந்து, இறுதியிற் பெருஞ்சுருளாகச் சுற்றப்படும். கூழ் விழும் இடத்திலிருந்து தாள் சுருளும் இடம் வரையில் எல்லாம் ஒரே ஓட்டம். இடையில் ஓர் உருளை பிசகினாலும் தாள் அறும். தாள் அறுந்தால் முழு இயந்திரமும் வெறுமனே சுழலும்.

இத்தகைய ஆலையிற் பராமரிப்பு என்பது நாள்தோறும் நிகழும் போர். பகைவர் பலர். முதற்பகை வைக்கோலுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. நெல்லின் வைக்கோலிற் சிலிக்கா மிகுதி. மணலில் இருக்கும் பொருளே அது. வெட்டும் கத்தியை அது மழுக்கும். பம்பியின் உட்சுழலியைத் தேய்க்கும். குழாயின் வளைவுகளை உள்ளிருந்து அரிக்கும். கருநீரைக் காய்ச்சி எரிசோடாவை மீட்டெடுக்க முயன்றால், அங்கும் அது கல்போலப் படிந்து குழாய்களை அடைக்கும். மரத்திலிருந்து கடதாசி செய்யும் குளிர்நாட்டு ஆலைகளுக்கு இத்துன்பம் இந்த அளவில் இல்லை. ஆகவே அந்நாட்டு நூல்களை மட்டும் கற்றுவந்த பொறியியலாளர், நெல்வயலின் நடுவே நிற்கும் ஆலையிற் புதிதாகப் பாடம் கற்க வேண்டியவராவார்.

இரண்டாம் பகை கடற்காற்று. உப்புக் கலந்த ஈரக்காற்று இரும்பை எவ்வாறு தின்னும் என்பது இக்கரையோர மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று. சைக்கிள் சங்கிலியும், கிணற்றடிக் கப்பியும், வீட்டுச் சாளரத்தின் கம்பியும் அதற்குச் சான்று. மூன்றாம் பகை பருவமழை. கார்த்திகை, மார்கழியில் வானம் பொழிகையில், போரில் வைத்த வைக்கோல் நனைந்து அழுகும். மின்மோட்டரின் உட்சுருளில் ஈரம் ஏறும். 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை நினைவிற் கொண்ட எவரும், இக்கரையிற் கூரையும் தூணும் இயற்கையிடம் இரவல் வாங்கியவை என்பதை மறவார்.

பழுதைக் கையாளும் நெறிகள் மூன்று. முறிந்த பின் திருத்துவது ஒன்று. முறிந்தாலும் பெருந்தீங்கு இல்லாத சிறு பொருளுக்கு அது போதும். குறித்த கால எல்லையில், முறியாவிட்டாலும் நிறுத்திப் பார்த்துத் தேய்ந்ததை மாற்றுவது மற்றொன்று. இயந்திரத்தின் நிலையை இடைவிடாது அறிந்து, தேவை எழும்போது மட்டும் திறப்பது மூன்றாவது. முன்னாளில் இதற்குக் காதும் கையுமே கருவிகள். இரும்புக் கோலாற் கேட்பர். புறங்கையாற் சூட்டை அறிவர். வடிந்த எண்ணெயை விரலிடையே தேய்த்து இரும்புத்தூள் உண்டா எனப் பார்ப்பர். இக்காலத்தில் அதிர்வை அளக்கும் கருவியும், வெப்பத்தைப் படமாகக் காட்டும் கருவியும் வந்துவிட்டன. ஆயினும் கருவி எண்ணைத்தான் தரும். அந்த எண்ணின் பொருளை உணர்ந்து முடிவெடுக்க வேண்டியவர் மனிதரே.

அந்த முடிவு எத்தகையது என்பதை விளக்க ஒரு நிலைமையை எண்ணிப் பார்க்கலாம். அழுத்தும் உருளையொன்றின் தாங்கி. சென்ற வாரம் அதன் சூடு 60 பாகை செல்சியஸ், நேற்று 68, இன்று 75. கோலை வைத்துக் கேட்டால் மெல்லிய கரகரப்பு. இயந்திரமோ நன்றாக ஓடுகிறது, தாள் அறவில்லை, வார இறுதிக்குள் முடித்துக் கொடுக்க வேண்டிய கட்டளை ஒன்று கையிலுள்ளது. “இன்னும் மூன்று நாள் ஓடட்டும்” என்கிறார் உற்பத்தி முகாமையாளர். “இப்போதே 6 மணி நேரம் நிறுத்த வேண்டும்” என்கிறார் பராமரிப்புப் பொறியியலாளர்.

இருவரும் தவறாகப் பேசவில்லை. நிறுத்தினால் 6 மணி நேர இழப்பு திண்ணம். நிறுத்தாவிட்டால் என்ன நேரும் என்பது திண்ணமன்று. தாங்கி மூன்று நாளைக்குத் தாங்கினாலும் தாங்கும். அன்றி, நள்ளிரவில் இறுகி, உருளையின் அச்சையே சிதைக்கவும் கூடும். சிதைந்தால் அச்சு கடல்கடந்து வர வேண்டும். வரும் வரையில் ஆலை நிற்கும். பொறியியலாளர் தம் குறிப்பேட்டைத் திறந்து மூன்று எண்களையும் காட்டுகிறார். இறுதியில் இயந்திரம் நிறுத்தப்படுகிறது. தாங்கியைத் திறந்ததும், உள்வளையத்தில் நகக்கண் அளவில் ஒரு பொரிவு தென்படின், அவர் காத்தது ஆலையை. ஆனால் அவர் காத்தார் என்பதை அந்தப் பிற்றர் ஒருவரன்றி வேறு யாரும் கண்டிலர். திறந்தபோது பொரிவு இல்லையெனின்? கிறீஸ் மிகுதியாக இட்டதனாற் சூடு ஏறியிருந்தால்? “என் கணிப்புப் பிழைத்தது” என்று எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொள்ள வேண்டும்; அதையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். நிறுத்து என்று சொல்லும் துணிவும், பிழையை எழுதிவைக்கும் நேர்மையும் ஒருவரிடமே அமைதல் அரிது. அவை அமைந்தவரே இத்தொழிலுக்கு உரியவர்.

உயிர் சம்பந்தமான பொறுப்பும் அவருடையதே. இரு உருளைகள் எதிரெதிராகச் சுழன்று சேரும் இடம் விரலை இழுத்தால் கையை விடாது. ஆகவே திருத்த வேலை தொடங்குமுன் மின்னிணைப்பைத் துண்டித்து, ஆளியிற் பூட்டு இடுவர். பூட்டின் திறவுகோல் மேலதிகாரியின் மேசையில் இருத்தல் ஆகாது. இயந்திரத்தினுள்ளே கைவைக்கும் தொழிலாளியின் சட்டைப்பையிலேயே இருத்தல் வேண்டும். நால்வர் உள்ளே இறங்கினால் நான்கு பூட்டுகள். நால்வரும் வெளியே வந்து நான்கையும் தாமே திறந்த பின்னரே சக்கரம் சுழலலாம். சிறு ஒழுங்கு போலத் தோன்றும் இவ்விதி, உலகெங்கும் பலர் கையையும் உயிரையும் இழந்த பின் பிறந்தது.

கொதிகலனும் அவ்வாறே. தொழிலாளர் போயிலர் என்று வழங்கும் அக்கலனுக்குள் செல்லும் நீரில் உப்போ சுண்ணமோ இருந்தால், குழாயின் உட்புறத்திற் படை பிடிக்கும். நெருப்பின் சூட்டை நீருக்குச் செல்லவிடாது அப்படை தடுக்கும். சூடு குழாயிலேயே தங்கி, இரும்பு இளகி, ஒருநாள் வெடிக்கும். ஆகவே நீரை நாள்தோறும் சோதிப்பதும், காப்பு வால்வை உரிய காலத்தில் இயக்கிப் பார்ப்பதும் தவறாத கடமைகள். ‘நேற்றுப் பார்த்தோமே’ என்னும் சொல்லுக்கு அங்கே இடமில்லை.

பொறியியலாளர் பல்கலைக்கழகத்திற் கற்று வருகிறார். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 1950இற் கொழும்பில் தொடங்கி, 1964இற் பேராதனைக்குச் சென்றது. ஆனால் ஆலையில் அவருக்குரிய இரண்டாம் ஆசிரியர், முப்பது ஆண்டு ஸ்பானர் பிடித்த பிற்றரே. எந்தப் பம்பி மழைக்காலத்தில் இருமும், எந்த வால்வு அரைச்சுற்றுக்கு மேல் திறந்தால் அடம்பிடிக்கும் என்பதெல்லாம் அவருடைய கைவிரல்களுக்குத் தெரியும். அவ்வறிவைத் தாழ்மையோடு கேட்டுப் பெற்று, வரைபடமாகவும் குறிப்பாகவும் எழுதிவைப்பது பொறியியலாளரின் கடன். எழுதாவிட்டால், பிற்றர் ஓய்வுபெறும் நாளில் அந்த அறிவும் படலையைத் தாண்டிப் போய்விடும்.

இவையெல்லாம் மேல்நாட்டார் வந்து கற்றுத்தந்த புதுமை என்று எண்ணுதல் வேண்டா. மட்டக்களப்பின் வாழ்வே பராமரிப்பின்மீது அமைந்தது. மழைக்கு முன் குளக்கட்டைச் சுற்றிப் பார்த்து, எலிவளையையும் கறையான் புற்றையும் அடைப்பித்து, வாய்க்கால்களைத் துப்புரவு செய்விக்கும் வட்டவிதானையார் செய்வது இதுவே. வாவிக்கரையில் மாலைதோறும் வலையை விரித்து, ஓர் அறுந்த கண் பத்துக் கண்ணாகுமுன் பொத்தும் மீனவர் செய்வதும் இதுவே. வெள்ளம் வருமுன் அணை என்ற பழமொழி வாய்ச்சொல்லாக இங்குப் பிறந்ததன்று. மண்வெட்டி பிடித்த கையிற் பிறந்தது. குளத்துக்கும் வலைக்கும் காட்டிய அந்தக் கருத்தை, சமுதாயம் தன் ஆலைக்கும் காட்டிற்றா என்பதே வினா.

வாழைச்சேனையின் பின்வரலாறு அவ்வினாவைக் கூர்மையாக்குகிறது. 1977இன் பின் இறக்குமதிக்குக் கதவு திறந்தது. மலிவான வெளிநாட்டுக் கடதாசி வந்து குவிந்தது. 1980களில் மூண்ட போர் கிழக்கின் வயல்களையும் வீதிகளையும் தொழிலாளர் வாழ்வையும் குலைத்தது. இயந்திரங்கள் மூப்படைந்தன, உதிரிப்பாகம் அரிதாயிற்று. 2010களில் ஆலை ஆண்டுக்கணக்கிற் செயலற்றுக் கிடந்தது. பின்னர், 2020களின் தொடக்கத்தில், கழிவுத்தாளைக் கொண்டு அதனை மீண்டும் இயக்கும் முயற்சி எழுந்தது. போரும் வாணிகமும் ஒரு பொறியியலாளரின் கோலுக்குக் கட்டுப்படுவன அல்ல. எனினும் ஓர் உண்மை தெளிவு. ஓடும் இயந்திரம் தேயும். ஓடாத இயந்திரம் அதனினும் விரைந்து அழியும். அசையாது கிடக்கும் உருளையின் தாங்கி ஒரே இடத்தில் பாரம் சுமந்து குழிவிழும், கிறீஸ் உறையும், துரு புகும். நிறுத்தி வைத்த ஆலையையும் காக்க ஒரு காவலர் வேண்டும். அந்தச் செலவை வீண்செலவு என்று வெட்டுவோர், பின்னர் புதிய ஆலைக்கே விலை கொடுக்க நேரிடும்.

கடதாசி இல்லாமையின் விலை என்ன என்பதையும் நாடு கண்டது. 2022 மார்ச்சில், அந்நியச் செலாவணி வறண்டு, கடதாசியும் மையும் கிடையாமையால், மேல்மாகாணப் பாடசாலைகளிலே தவணைப் பரீட்சை பிற்போடப்பட்டது. மாணவர் படித்திருந்தனர், ஆசிரியர் ஆயத்தமாயிருந்தனர், வினாவை அச்சிடத் தாள் இல்லை. அந்த நாளில், வயலில் எரியும் வைக்கோலையும் வாழைச்சேனையின் ஓய்ந்த உருளைகளையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தோர் பெருமூச்செறிந்திருப்பர். ஓர் ஆலை மட்டும் அந்தக் குறையை முற்றும் தீர்த்திருக்கும் என்பதற்கில்லை. ஆனால் காத்துவைத்த பொருள் சிறிதாயினும் கைகொடுக்கும். காவாத பொருள் பெரிதாயினும் கைவிடும்.

இன்னொரு கடமையும் உண்டு. வைக்கோலை அவித்த கருநீர் அப்படியே வாவியிற் கலந்தால், நீரின் உயிர்வளி குன்றி மீன் மடியும். வாவியை நம்பி வாழும் குடும்பத்தின் உலைக்கு நீர் வார்த்துத்தான் ஆலையின் உலை எரிய வேண்டுமெனின், அது வளர்ச்சியாகாது. கழிவுநீர்ப் பம்பி நின்றால் உற்பத்தி குறையாது. ஆதலால் அதனைத் திருத்த எவரும் அவசரப்படார். அப்பம்பியையும் கடதாசி இயந்திரத்தின் முதல் உருளை போலவே கருதுபவர் எவரோ, அவரே முழுமையான பராமரிப்புப் பொறியியலாளர். அவர் காவல் ஆலையின் மதிலோடு முடிவதில்லை.

கிழக்கின் பாடசாலைகளிற் கலைப்பாடம் கற்போர் மிகுதி. கலை வேண்டும், ஐயமில்லை. ஆனால் கையில் எண்ணெய் படிவது கல்விக்கு இழுக்கு என்ற எண்ணம் போதல் வேண்டும். அம்பாறை ஹாடி நிறுவனத்தில் தொழில்நுட்பக் கல்வியும், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பொறியியற் பீடமும் இப்பகுதியிலேயே உண்டு. ஒரு தாங்கியின் சூட்டை மூன்று நாள் தொடர்ந்து குறித்து, அதிலிருந்து நாலாம் நாளை உய்த்துணர்வது, நூலொன்றை நுணுகிக் கற்பதற்கு எவ்வகையிலும் தாழ்ந்த அறிவன்று.

திறப்பு விழாவுக்கு நாடா வேண்டும், கத்தரிக்கோல் வேண்டும், ஒரு நாள் போதும். அதன்பின் வரும் ஆயிரமாயிரம் நாள்களுக்கு வேண்டியது, கையில் ஒரு குறிப்பேடும், காதோரம் ஓர் இரும்புக் கோலும், எவரும் பாராத வேளையிலும் பார்க்கும் கண்ணும். நிலவொளியில் வாவியின் பாடலைத் துடுப்பின் வழியே கேட்கப் பழகிய மண்ணில், இயந்திரத்தின் முனகலைக் கேட்கும் செவிகளுக்குப் பஞ்சம் வரலாகாது. அச்செவிகளை வளர்ப்பதும், அவை சொல்லும் எச்சரிக்கைக்கு உரிய மதிப்பு அளிப்பதும், ஆலை எழுப்புவதற்கு முன்னரே நாடு செய்துகொள்ள வேண்டிய ஆயத்தம்.